கேள்வி யாருடையது?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பீடோர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். தொழில்நுட்பத்தை அறிவியலின் பிள்ளை என்று சொல்வது சரியல்ல என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அறிவியலறிவைப் பயன்படுத்துவதே தொழில்நுட்பம் என்றுதான் நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் என்ன பிழை? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மாணவர்களில் பலர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். "மெஷின் வந்துதான் தாத்தாவுக்கு வேலை போச்சு" என்று ஒரு பையன் சொன்னான். "அறிவியல் இல்லாவிட்டால் தோட்டமே இருந்திருக்காது" என்று ஒரு மாணவி மறுத்தாள். இருவருக்கும் நான் என்ன சொல்வது?

ஓர் ஆசிரியை,
பீடோர்

*

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

நீங்கள் கற்பிப்பது பிழை அல்ல, பாதி உண்மை. அறிவியல் முன்னே செல்ல, தொழில்நுட்பம் பின்னே வந்த நிகழ்வுகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பிறகு சொல்கிறேன். ஆனால் நம்மை இந்த மலேசிய மண்ணுக்குக் கொண்டுவந்த வரலாறு அந்த வரிசையில் நடக்கவில்லை.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். ஏன் அப்படி ஆகிறது என்பது அவருக்கு மட்டுமல்ல, அன்றைய வேதியியலாளர் எவருக்குமே தெரியாது. ரப்பர் போன்றவை மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோதுகூட அத்துறையில் பலர் அதை ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததே 1953இல்தான். இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் 1877இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அவற்றில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவில் ரப்பர் பயிரிட்டார். காடுகள் அழிந்து ரப்பர் மர நிரைகள் எழுந்தன. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினார்கள். நம் கொள்ளுப்பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய காலத்தில், ரப்பரின் மூலக்கூறு எப்படிப்பட்டதென்று உறுதியாக அறிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. தொழில்நுட்பம் ஒரு சமுதாயத்தையே கடல் தாண்ட வைத்துவிட்டது; அதற்கான அறிவியல் பிறகு வந்து சேர்ந்தது. உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். அறிவியல் இல்லாமலே தோட்டத்தின் முதல் பாதி எழும்பிவிட்டது.

பால் வெட்டும் முறையும் அப்படித்தான். பிரேசிலில் மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டு நலிந்தது. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, பட்டையை மெல்லிய இழையாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து பார்த்தார். உள்ளே வளர்திசுவைத் தொடாமல் சீவினால் பட்டை மீண்டும் வளர்கிறது, பாலும் முதல் வெட்டைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் கூடுகிறது என்பது அப்படித் தெரியவந்தது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும் என்று தோட்டத்தில் பழகிய எவரும் அறிவர். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, எதிர்த்திசை வெட்டைவிட அதிகக் குழாய்களைத் திறக்கிறது. விடியுமுன் ஏன் மரத்தடிக்குப் போக வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறி இலைகள் நீராவியை வெளியிடத் தொடங்கியதும் குழாய்களுக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்கிறது. விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போன நம் பெண்களுக்கு 'விறைப்பழுத்தம்' என்ற சொல் தெரியாது. வெயில் ஏறினால் மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் குறையும் என்பது தெரியும். அதுவும் அறிவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை வகுப்பில் சொல்ல நீங்கள் தயங்கக் கூடாது.

பிறகு அறிவியல் வந்தது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 500 கிலோ அளவில் தந்த இடத்தில், ஆராய்ந்து தெரிந்தெடுத்த ஒட்டுமரங்கள் 1,500 கிலோவைத் தாண்டின. இது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் அங்கு எழுப்பப்பட்ட கேள்விகளைக் கவனியுங்கள்: எந்த மரம் அதிகப் பால் தரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டினால் மரம் தாங்கும், எந்த மருந்து பூசினால் பால் நிற்காமல் ஓடும்? எல்லாமே தோட்ட முதலீட்டுக்குத் தேவைப்பட்ட கேள்விகள். மரம் எவ்வளவு தாங்கும் என்று அளந்த அளவுக்கு, காண்டா வாளியை, அதாவது தோளில் காவடிபோல் சுமக்கும் பால் வாளிகளை, தூக்கிய தோள் எவ்வளவு தாங்கும் என்று எவரும் அளக்கவில்லை. அறிவியல் பொய் சொன்னதில்லை. தன்னிடம் கேட்டவற்றுக்கு அது சரியாகவே விடை சொன்னது. கேட்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் நம் சிக்கல்.

இனி நான் தருவதாகச் சொன்ன எடுத்துக்காட்டு. செம்பனையில், அதாவது எண்ணெய்ப்பனையில், மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுசெல்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மலேசியாவில் காய்பிடிப்பு போதவில்லை; அதனால் ஆள் வைத்து மகரந்தம் தூவினார்கள். என் அம்மா 1970களில் அந்த வேலையைச் செய்தவர். பூத்தூளை டால்க் மாவோடு கலந்து, குழாய் பொருத்திய சிறு குப்பியால், மலர்ந்த பெண் பாளையின் மேல் ஊத வேண்டும். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் மகரந்தம் ஏற்கும் என்பதால், சுற்றிய நிரையையே மறுபடி மறுபடி சுற்ற வேண்டும். மட்டை முள் முன்கையைக் கிழிக்கும். கூலி சொற்பம். ஆனாலும் அது பெண்கள் கையில் தனியாக வந்த காசு.

ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலும் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகிக்கு ஓர் ஐயம் எழுந்தது. அங்கே எவரும் தூவாமலே குலை நிறையக் காய்க்கிறதே, இங்கே மட்டும் ஏன் இல்லை? பூச்சியியலாளர் சையத் அங்கே சென்று ஆராய்ந்து, சிறியதொரு கூன்வண்டே அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். ஆண் பாளை சோம்பு மணம் வீசும். வண்டு அதைத் தேடி வந்து, அதிலேயே தின்று, முட்டையிட்டுப் பெருகும். பெண் பாளையும் இடையிடையே அதே மணத்தை வீசும். ஏமாந்து அங்கே போகும் வண்டின் உடலிலிருந்து மகரந்தம் உதிர்கிறது. வண்டு வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்த பிறகு, 1981இல் ஜொகூரில் அதை விட்டார்கள். விரைவிலேயே அது எங்கும் பரவியது. குலையின் எடை கூடியது. தூள் அடிக்கும் வேலை அடியோடு நின்றது. வேறு பயிர் பாதிக்கப்படுமா என்று முன்கூட்டியே சோதித்தவர்கள், அந்தப் பெண்களின் வருமானத்தைச் சோதனைக்குரிய பொருளாகக் கருதவில்லை. வண்டு வந்தது நல்லதே. முள் கிழிக்கும் வேலை ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. கூடிய எடையில் ஒரு பங்காவது அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் வழக்கு. அது அறிவியல் தீர்மானிக்கும் காரியம் அல்ல.

ஆகவே உங்கள் மாணவனுக்கும் விடை இதுதான். ரப்பர் மரத்தில் நூறாண்டுக்கும் மேலாகக் கத்திதான் ஓடுகிறது. அதை எந்த இயந்திரமும் அகற்றிவிடவில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், செம்பனைக்கு அதே நிலத்தில் குறைந்த ஆள் போதும். பிறகு நிலம் வீடமைப்புக்கு விலைபோனது. மிஞ்சிய வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். அவன் தாத்தாவின் வேலையைப் பறித்தவை ஒப்பந்தங்களும் கணக்குப் புத்தகங்களும். இயந்திரத்தின் மீது பழி போட்டால் முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

கேள்வி கேட்பவர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. தோட்டங்களில் களைக்கொல்லி மருந்து அடித்த பெண்களின் நகம் கருகுவதையும் மூக்கில் இரத்தம் வடிவதையும் மூச்சடைப்பதையும் தெனாகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு பதிவு செய்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. மருந்து களையை எவ்வளவு நன்றாகக் கொல்கிறது என்ற கேள்விக்குப் பக்கத்தில், அதை முதுகில் சுமப்பவருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியும் வைக்கப்பட்டது. தடை அறிவிப்பு, தளர்வு, மறுபடி இழுபறி என்று நீண்டு, பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. பெண்களின் நகத்தையும் மூச்சையும் கவனித்துக் குறித்து வைப்பதும் அறிவியலே.

உங்கள் வகுப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் சென்று, தோட்ட வேலையில் எதை ஆராய்ந்து தீர்த்திருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வரட்டும். மழைக்காலத்தில் வெட்டு இல்லாமல் கூலி போனது, கொசுவும் பாம்பும், பாலை உறைய வைக்கும் ஆசிட் பட்ட விரல் என்று பலவும் வரும். அவற்றில் எவற்றுக்கு இன்றுவரை ஆய்வு நடக்கவில்லை என்று அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். கோலாகங்சாரின் பழைய ரப்பர் மரத்தைக் காட்ட அவர்களை அழைத்து வருவதாக இருந்தால் முன்னதாக எழுதுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து அரைமணி நேரப் பயணம்தான், நானும் வந்துவிடுவேன்.

அன்புடன்.