விலங்குப் படங்களில் யாருக்கு என்ன வேடம்?

கேள்வி: ஏழு வயதான என் மகளுக்கு விலங்குகள் வரும் அனிமேஷன் படங்கள் என்றால் உயிர். அண்மையில் அவள், "எறும்பு, தேனீ, மீன் எல்லாமே ஏன் பையன்களாகவே இருக்கின்றன?" என்று கேட்டாள். "விலங்குகளுக்கு ஏது இனமும் நிறமும், இதையெல்லாம் ஆராயாதே" என்கிறார் என் கணவர். இந்தப் படங்களைத் தொடர்ந்து காட்டலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஆனால் உங்கள் மகளின் கேள்வியைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள். அவள் கவனித்தது முற்றிலும் சரி. எறும்புப் புற்றில் உணவு தேடுவதும் குஞ்சுகளைப் பேணுவதும் பெண் எறும்புகளே. தேன்கூட்டிலிருந்து பறந்து சென்று மகரந்தம் சேகரிப்பவையும் பெண் தேனீக்களே. ஆண் தேனீக்குக் கொட்டுவதற்குக் கொடுக்குகூடக் கிடையாது. அப்படியிருந்தும் 1998-இல் வந்த 'ஆன்ட்ஸ்', 'எ பக்ஸ் லைஃப்' ஆகிய இரண்டிலும் உழைக்கும் எறும்பான நாயகன் ஆண். 2007-இல் வந்த 'பீ மூவி'யில் மகரந்தம் எடுக்கப் போகும் வீரர்களும் ஆண்கள். இயற்கை பெண்களிடம் கொடுத்திருக்கும் வேலையைக்கூட ஆண்களுக்கு மாற்றிக் கொடுத்தால்தான் அது சாகசக் கதையாகும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இதை உங்கள் மகளிடம் அப்படியே சொல்லுங்கள். ஏழு வயதில் நன்றாகவே புரியும்.

உங்கள் கணவர் சொல்வதுபோல் விலங்குக்கு இனமும் நிறமும் இல்லைதான். ஆனால் அதற்குக் குரலும் பேச்சுவழக்கும் குணமும் கொடுப்பவர்கள் மனிதர்கள். 1941-இல் வந்த 'டம்போ'வில் வரும் காகக் கூட்டத்தின் தலைவனுக்குத் தயாரிப்பாளர்கள் வைத்த பெயர் ஜிம் குரோ. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு வழங்கிய பெயரும் அதுவே. அந்தக் காகத்துக்குக் கறுப்பின மக்களின் பேச்சைப் போலி செய்து குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளையர். 1970-இல் வந்த 'தி அரிஸ்டோகேட்ஸ்' படத்தில் சயாமியப் பூனையொன்று, ஆசியர்களைக் கேலி செய்யும் முகத்தோடு, உணவு உண்ணும் குச்சிகளால் பியானோ வாசிக்கிறது. 2021-இல் டிஸ்னி நிறுவனமே தனது இணையத் திரைத்தளத்தின் சிறுவர் கணக்குகளிலிருந்து இவ்விரு படங்களையும் விலக்கியது.

நன்றாக எடுத்த படங்களும் உண்டு. 'ஃபைண்டிங் நீமோ'வில் குட்டி மீனின் ஒரு துடுப்பு பிறவியிலேயே சிறியது. கதை முடியும்போதும் அது சிறியதாகவே இருக்கிறது. குறையைக் குணப்படுத்தி மகிழ்ச்சி காட்டாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

2016-இல் வந்த 'ஜூடோபியா'வை மகளோடு சேர்ந்து அமர்ந்து பாருங்கள். காவலராகும் பெண் முயல் ஜூடி, நரியான நிக்கை நண்பனாகவே கருதுகிறாள். ஆனாலும் வேட்டை விலங்குகளின் ரத்தத்திலேயே வெறி இருக்கலாம் என்று செய்தியாளர்களிடம் பேசிவிடுகிறாள். மனம் நொந்த நிக் அவள்மேல் பாய்வதுபோல் ஓரடி முன்னே வர, அவளது கை தன்னை அறியாமலே இடுப்பிலிருக்கும் நரி விரட்டும் மருந்துக் குப்பிக்குப் போகிறது. அதை அவன் பார்த்துவிடுகிறான். நல்லவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் அச்சத்தை இதைவிடத் தெளிவாகக் குழந்தைக்குக் காட்ட முடியாது. ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்: அந்தக் கதையில் வேட்டை விலங்குகள் ஒரு காலத்தில் மற்றவற்றை உண்மையிலேயே கொன்று தின்றவை, மனிதர்களிடையே பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்கு அப்படிப்பட்ட எந்த அடிப்படையும் கிடையாது.

படம் ஓடும்போது இடையில் நிறுத்தி விளக்காதீர்கள், குழந்தைக்குச் சலித்துவிடும். முடிந்த பிறகு, "இதில் யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்கள்? அவர் எப்படிப் பேசினார்?" என்று மட்டும் கேளுங்கள். தமிழில் மொழிமாற்றம் செய்த படங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். எந்த ஊர்ப் பேச்சு நாயகனுக்கு, எந்த ஊர்ப் பேச்சு கோமாளிக்கு என்பதை அவளே கண்டுபிடிப்பாள். 'டம்போ'வை மட்டும், அடிமை முறையைப் பற்றி அவளுக்கு நீங்கள் சொல்லித்தரும் வயது வரும்வரை தள்ளிப்போடுங்கள்.