மின்னஞ்சல் யாருக்குப் போகிறது? சிச்சுவேஷனல் ரைட்டிங் கேள்வி பதில்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கொடுத்த ஒரு சூழலுக்கு ஏற்ப மின்னஞ்சல், கடிதம், உரை போன்றவற்றை எழுதும் ஆங்கிலத் தேர்வுப் பகுதிதான் சிச்சுவேஷனல் ரைட்டிங். அதில் நோக்கம், வாசகர், தொனி மூன்றையும் எப்படிப் பழகுவது என்று பெற்றோரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தேர்வு ஆங்கிலத்தில் என்றாலும் எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே தருகிறேன். தொனி எங்கே இடறுகிறது என்பது தாய்மொழியில் பார்த்தால் சட்டென்று புரியும்.

தொடக்கநிலை 6 மாணவியின் அம்மா: டீச்சர், மகள் கேட்ட குறிப்புகள் ஆறையும் விடாமல் எழுதுகிறாள். இலக்கணப் பிழையும் அதிகமில்லை. ஆனாலும் "தொனி பொருந்தவில்லை" என்று எழுதித் தாளைத் திருப்பித் தருகிறார்கள். எதைத்தான் திருத்துவது?

பதில்: ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்தத்தில் தடுக்கி விழுந்த மூதாட்டிக்கு வகுப்பு மாணவன் ஒருவன் உதவினான். அவனைப் பாராட்டும்படி கேட்டுத் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். பல பிள்ளைகள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்:

"வணக்கம் சார்! நலமா? உங்களுக்கு ஒரு சூப்பர் செய்தி! நேற்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி தொபுக்கென்று விழுந்துவிட்டார். நான் பயந்தே போய்விட்டேன்!"

"சூப்பர்", "தொபுக்" இரண்டையும் அடித்துவிட்டு மரியாதையான சொற்களைப் போட்டால் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆகாது. எழுதுவது யார் என்றே தலைமையாசிரியருக்குத் தெரியாது. எதற்காக எழுதுகிறாள் என்பதும் இதுவரை வரவில்லை. இவள் பயந்ததை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. மாணவன் யார், எந்த வகுப்பு, எப்போது, எங்கே, என்ன செய்தான் என்று தெரிந்தால்தான் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்ட முடியும். ஆகவே:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, நான் தொடக்கநிலை 6 மாணவி. என் வகுப்பு மாணவர் ஒருவர் நேற்று மாலை செய்த உதவியைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்."

இதே சம்பவத்தை வேறு பள்ளியில் படிக்கும் அத்தை மகளுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் வகுப்பில் ஒருவன் வாயே திறக்க மாட்டான் என்று சொல்வேனே, நேற்று அவன் என்ன செய்தான் தெரியுமா?" இங்கே பயந்தது, பதறியது எல்லாம் வர வேண்டும். அவள் கேட்க ஆசைப்படுவதே அதைத்தான். அடைமொழியும் அறிமுகமும்தான் தேவையில்லை.

மகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். படிக்கப்போகிறவருக்கு என்னை எவ்வளவு தெரியும்? இந்த விஷயம் எவ்வளவு தெரியும்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் தொனி முக்கால்வாசி தானாக அமைந்துவிடும்.

அதே அம்மா: அப்படியானால் பெரிய பெரிய சொற்களைப் போட்டால் பாதுகாப்பு இல்லையா?

பதில்: இல்லை. தொலைந்த தண்ணீர்ப் புட்டியைக் கேட்டுப் பள்ளி அலுவலகத்துக்கு எழுதும்போது நீதிமன்ற மனு மாதிரி எழுதினால் அதுவும் தொனிப் பிழைதான்.

தொடக்கநிலை 5 மாணவனின் அப்பா: 14 மதிப்பெண்ணுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? அந்த நேரத்தில் கட்டுரையைப் பழகலாமே.

பதில்: கணக்கு சரிதான். 2025 முதல் பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கநிலை இறுதித் தேர்வில் ஆங்கிலத்தின் முதல் தாளுக்கு 50 மதிப்பெண். அதில் சிச்சுவேஷனலுக்கு 14, கட்டுரைக்கு 36. இரண்டுக்கும் சேர்த்து 1 மணி 10 நிமிடம். ஆனால் கட்டுரையில் கதையை யோசித்துப் பிடிக்க வேண்டும். இங்கே எழுத வேண்டிய விஷயம் பெரும்பாலும் வினாத்தாளிலேயே இருக்கிறது. கைக்கெட்டிய மதிப்பெண்ணை ஏன் விடுவானேன்? 15 முதல் 20 நிமிடம் ஒதுக்கி, அதில் முதல் இரண்டு நிமிடத்தில் பேனாவைத் தொடாமல் வினாவைப் படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, உயர்நிலைக்குப் போனால் இதன் பங்கு இன்னும் பெரிது. உயர்நிலை இறுதித் தேர்வான ஓ லெவலின் 1184 ஆங்கிலப் பாடத்திட்டத்தில் சிச்சுவேஷனலுக்கு 30, கட்டுரைக்கும் 30. இப்போது விட்டால் அங்கே இரட்டிப்பாகக் கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

தொடக்கநிலை 6 மாணவர்: நோக்கம் எது என்று வினாவில் எங்கே பார்ப்பது?

பதில்: "உங்கள் பணி" என்று கொடுத்திருக்கும் பகுதியில் வினைச்சொல்லுக்குக் கோடு போடு, தம்பி. தெரிவி, நன்றி கூறு, அழை, புகார் செய், பரிந்துரை செய் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதே. "நன்றி கூறி, மீண்டும் வர அனுமதி கேள்" என்று இரண்டு இருக்கலாம். நன்றியை மூன்று பத்திக்கு நீட்டிவிட்டு அனுமதி கேட்க மறந்த தாள்கள் நிறையப் பார்க்கிறேன். அடுத்து, யாருக்கு என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போடு. வகுப்பில் பி.ஏ.சி. என்று சொல்லித்தருகிறார்களே, அதில் பி நோக்கம், ஏ வாசகர். சி என்ற சூழலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நேற்று நடந்ததா, நாளை நடக்கப்போவதா என்று பார். காலம் மாறினால் வினைமுற்று எல்லாமே மாறும்.

தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த ஓர் அம்மா: எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வீட்டில் பிள்ளைக்கு இதில் எப்படி உதவ முடியும்? டியூஷன் ஒன்றுதான் வழியா?

பதில்: இந்த விஷயத்தில் உங்களால் நன்றாகவே உதவ முடியும். பாட்டியிடம் எப்படிக் கேட்பது, தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி.

முழு மின்னஞ்சல் எழுத வைக்காதீர்கள். ஒரே செய்தியை மூன்று பேருக்கு, ஆளுக்கு இரண்டு மூன்று வரி, தமிழிலேயே எழுதட்டும். செய்தி: அக்கா திருமணம், சனிக்கிழமை காற்பந்துப் பயிற்சிக்கு வர முடியாது.

அணியில் இருக்கும் நண்பனுக்கு: "சனிக்கிழமை நான் இல்லை. அக்கா கல்யாணம்! கோல் கம்பத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்."

பொறுப்பாசிரியருக்கு: "வரும் சனிக்கிழமை என் அக்காவின் திருமணம் நடைபெறுவதால் பயிற்சிக்கு வர இயலவில்லை. அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் கடிதத்தை இணைத்துள்ளேன்."

புதிதாக வந்த பயிற்றுநருக்கு: "நான் அணியின் கோல்காவலர். குடும்பத் திருமணம் இருப்பதால் சனிக்கிழமை பயிற்சிக்கு வர முடியாது. விட்டுப்போன பயிற்சியை அடுத்த வாரம் எந்த நாளில் செய்யலாம் என்று சொன்னால் வந்துவிடுகிறேன்."

என்ன மாறியது என்று பிள்ளையே சொல்லட்டும். நண்பனிடம் வேலை ஏவுகிறான். ஆசிரியரிடம் அனுமதி கேட்கிறான், கூடவே சான்றும் தருகிறான். பயிற்றுநரிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அக்கறை இருப்பதைக் காட்டுகிறான். வாசகர் மாறியதும் வாக்கியத்தின் வேலையே மாறிவிட்டது.

பிறகு பெயரை மறைத்துவிட்டு அந்த வரிகளைச் சத்தமாகப் படியுங்கள். யாருக்கு எழுதியது என்று வீட்டில் இருக்கும் இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் திரும்ப எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி, சலிக்காது. வாரம் இரண்டு முறை, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும்.

தமிழில் பிடிபட்டதும் அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் "நீங்கள்" என்றதுமே பாதி மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே "யூ" என்பதால், அந்த மரியாதையைக் கேட்கும் விதத்தில்தான் காட்ட வேண்டும். "ஐ வாண்ட்" என்று வரும் இடங்களை மட்டும் தேடி மாற்றச் சொல்லுங்கள்.

உயர்நிலை 3 மாணவர்: டீச்சர், எங்களுக்கு 250 முதல் 350 சொற்கள். கற்றல் பயணத்துக்கு ஓர் இடத்தைப் பரிந்துரைத்து முதல்வருக்கு எழுதினேன். வினாவோடு கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இருந்த எல்லாவற்றையும் பயன்படுத்தினேன், ஆனால் "நம்ப வைக்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: துண்டுப்பிரசுரத்தின் தொனியும் உன் தாளுக்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அது விளம்பரம். "இயற்கையின் மடியில் மறக்க முடியாத ஒரு நாள்! நண்பர்களுடன் வாருங்கள்!" என்று யாரையும் கூவி அழைக்கும். அதை அப்படியே முதல்வருக்கு எழுதினால், நீ அவரிடம் டிக்கெட் விற்பது போல இருக்கும்.

இடம் சுங்கை பூலோ சதுப்புநிலம் என்று வைத்துக்கொள். முதல்வர் மனதில் என்னென்ன ஓடும்? பாடத்துக்குப் பயன் உண்டா, பாதுகாப்பா, ஒரு நாள் வகுப்பை விடுவது தகுமா, எத்தனை ஆசிரியர்கள் உடன் போக வேண்டும். பிரசுரத்தின் ஒவ்வொரு வரியையும் இந்தக் கவலைகளில் ஒன்றுக்குப் பதிலாக மாற்று. "மறக்க முடியாத நாள்" என்பது இப்படி ஆகலாம்: "உயிரினங்களும் அவற்றின் சூழலும் பற்றி அறிவியல் வகுப்பில் படித்துவருகிறோம். சதுப்புநிலக் காட்டையும் சேற்றில் வாழும் உயிரினங்களையும் நேரில் பார்ப்பது அப்பாடத்தை எளிதில் புரியவைக்கும்." "வழிகாட்டிகள் உண்டு" என்பது பாதுகாப்புக்கான பதில். எந்தக் கவலைக்கும் பொருந்தாத குறிப்பு இருந்தால், வினா அதைக் கேட்காதவரை விட்டுவிடு. நினைவுப்பொருள் கடையில் தள்ளுபடி என்பதை முதல்வரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாக்கியங்களும் கட்டளையிடக் கூடாது. "நாம் கட்டாயம் இங்கேதான் போக வேண்டும்" என்றால் முடிவை நீ எடுத்துவிட்டாய். முடிவெடுப்பவர் அவர். "இவ்விடத்தைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, அதற்கு மேலே வலுவான காரணங்களை வை. பணிவு கோரிக்கையில் இருக்கட்டும், காரணத்தில் தயக்கம் வேண்டாம். "ஒருவேளை பயன்படலாம் என்று தோன்றுகிறது" என்று நீயே இழுத்தால் அவர் எப்படி நம்புவார்?

உயர்நிலை 2 மாணவியின் அப்பா: புகார்க் கடிதம் என்றாலே மகள் சண்டை போடுகிறாள். பணிவாக எழுதச் சொன்னால் புகாரே காணாமல் போய்விடுகிறது.

பதில்: கோபத்தை அடைமொழியில் காட்டாமல் விவரத்தில் காட்டச் சொல்லுங்கள். "உங்கள் ஊழியர் ரொம்ப மோசம், என் பணத்தை உடனே திருப்பித் தாருங்கள்!" என்பதற்குப் பதிலாக:

"ஜூன் 3ஆம் தேதி உங்கள் கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டி முதல் நாளே ஒழுகியது. மறுநாள் மாற்றித் தரும்படி கேட்டபோது, ரசீதைப் பார்க்காமலேயே ஊழியர் மறுத்துவிட்டார்."

"பார்க்காமலேயே" என்ற அந்த ஒரு சொல்லில் கோபம் முழுவதும் இருக்கிறது. திட்டு இல்லை, மேலாளரால் மறுக்கவும் முடியாது. கடைசியில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதட்டும்: புதுப் புட்டியா, பணமா, எதற்குள்? நிறைய புகார்கள் அங்கேதான் வழுக்குகின்றன. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் எந்த நடவடிக்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தொடக்கநிலை 6 மாணவி: தோழிக்கு எழுதினால் "லா" போடலாமா? ஆச்சரியக்குறி எத்தனை போடலாம்?

பதில்: "லா" என்ற சிங்கப்பூர்ப் பேச்சு ஒட்டு வேண்டாம், கண்ணு. வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள். தோழிக்கு எழுதும்போது சுருக்க வடிவங்கள் வரலாம், குட்டி வாக்கியங்கள் வரலாம், கேலி வரலாம். இலக்கணம் உடையக் கூடாது. ஆச்சரியக்குறி ஒரு பத்திக்கு ஒன்றே தாராளம்.

ஓர் அப்பா: தொடக்க வரிகள், முடிவு வரிகள் அடங்கிய பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா அக்கா?

பதில்: முகமன், கையொப்பம் இரண்டையும் மனப்பாடம் செய்யட்டும், அவை மரபு. நடுவில் வரும் வரிகள் வேண்டாம். "இம்மடல் தங்களை நலமுடன் சந்திக்கும் என நம்புகிறேன்" என்று விபத்து அறிக்கையின் தலையில் எழுதிய தாளும் என் கைக்கு வந்திருக்கிறது.

உயர்நிலை 4 மாணவர்: தமிழ்த் தேர்விலும் மின்னஞ்சல் வருகிறதே. நண்பனுக்கு எழுதும்போது பேச்சுத்தமிழில் எழுதலாமா?

பதில்: கூடாது. பேச்சுத்தமிழை வாய்மொழித் தேர்வுக்கு வைத்துக்கொள். எழுதும்போது எழுத்துத்தமிழ்தான், ஆனால் இறுக்கமாக வேண்டாம். "நீ வருவாய் என எதிர்பார்க்கிறேன்" என்பதைவிட "நீ கட்டாயம் வர வேண்டும், சொல்லிவிட்டேன்!" என்பதில் நட்பு இருக்கிறது, இலக்கணமும் கெடவில்லை. நன்கு பழகிய ஆசிரியருக்கு எழுதுவது இரண்டுக்கும் நடுவே. மரியாதை குறையாமல், "சென்ற வாரம் நீங்கள் சொன்னதுபோல்" என்று பழக்கத்தைக் காட்டும் ஒரு வரி இருந்தால் போதும்.

உயர்நிலை 3 மாணவி: உரை எழுதும்போது குழப்பமாக இருக்கிறது. பள்ளிக் கூட்டத்தில் பேசுவதாக வினா. முதல்வரும் இருக்கிறார், நண்பர்களும் இருக்கிறார்கள். யாருக்கு ஏற்றபடி எழுதுவது?

பதில்: யார் மனம் மாற வேண்டுமோ அவர்களுக்கு. உணவகத்தில் சோறு வீணாவதைப் பற்றிப் பேசுகிறாய் என்றால், தட்டில் மிச்சம் வைப்பது மாணவர்கள். "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, ஆசிரியர்களே" என்று ஒரு வரியில் வணக்கம் சொல்லிவிட்டு நண்பர்களிடம் திரும்பிவிடு: "நேற்று இடைவேளையில் உங்கள் தட்டில் எவ்வளவு மிஞ்சியது?" முதல்வர் காதில் விழுந்தாலும் சங்கடம் இல்லாத மொழியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பவர் திரும்பிப் படிக்க முடியாது என்பதையும் நினைவில் வை. எழுதி முடித்ததும் வீட்டில் நின்றுகொண்டு சத்தமாகப் படித்துப் பார். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டு. தேர்வறையில் சத்தம் போட முடியாது, உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.