வயிறு நிறைந்தவர்களின் கதையா இது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆல்பேர் காம்யுவின் 'அந்நியன்' நாவலையும், சிசிபஸ் பற்றிய அவரது கட்டுரையையும் வாசித்தேன். அதிலிருந்து எதைச் செய்தாலும் அர்த்தமில்லை போலத் தோன்றுகிறது. காலையில் எழும்பவே மனம் வருவதில்லை. அப்பாவிடம் சொன்னேன். "உதெல்லாம் வயிறு நிறைஞ்சவன்ர கதை. தொண்ணூற்றைஞ்சில உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடேக்க ஒருத்தரும் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடேல்லை" என்றார். கனடாவில் இருக்கும் அண்ணா, படிப்பு முடிந்ததும் அங்கே வரச் சொல்கிறார். அம்மாவுக்கோ சலரோகம், பார்வையும் குறைந்து வருகிறது. அப்பா சொல்வது சரியா? நான் போவதா, நிற்பதா?
– வாசகர், கோண்டாவில்

பதில்:

தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட வரியை முதலில் எடுக்கிறேன். காலையில் எழும்ப மனமில்லாமல் இருப்பது எவ்வளவு காலமாக? நித்திரை, சாப்பாடு எல்லாம் எப்படி? இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே இழுபட்டால், புத்தகம் வாசித்ததால் வந்த யோசனை என்று விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போவதுபோலப் போய் வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அப்பாவின் பேச்சுக்கு வருவோம். காம்யுவை வயிறு நிறைந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1913இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். அடுத்த வருடமே தகப்பன் முதலாம் உலகப் போரில் செத்துப்போனார். தாய்க்குக் காது சரியாகக் கேட்காது, எழுத வாசிக்கத் தெரியாது. வீடு வீடாகப் போய்க் கூட்டித் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பொடியனை வேலைக்கு அனுப்பத்தான் அம்மம்மா நினைத்திருந்தார். லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் வீட்டுக்கே வந்து பேசி, புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருத்தினார். 17 வயதில் காசநோய். பிறகு ஜெர்மனியப் படை பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில் தலைமறைவுப் பத்திரிகை ஒன்றில் வேலை. 1957இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்த ஆசிரியருக்குத்தான் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். இந்தக் கதையை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் எத்தனை வீட்டுக் கதை இது!

தன்னை இருத்தலியல்வாதி, அதாவது வாழ்க்கைக்கு அர்த்தத்தை மனிதனே தெரிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் தத்துவக்காரர், என்று சொல்வதைக் காம்யு ஏற்கவில்லை. அந்தப் பெயரைத் தூக்கிச் சுமந்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். அவரும் 1940இல் ஜெர்மனியரிடம் போர்க் கைதியாகப் பிடிபட்டவர். 1945 ஒக்டோபரில், போர் முடிந்து சில மாதங்களே ஆன பாரிசில்தான் இருத்தலியல் பற்றிய அவரது புகழ்பெற்ற உரை நடந்தது. இவர்கள் எழுதியது சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய எழுத்து.

ஆனாலும் அப்பாவின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 'அந்நியன்' நாவலில் கொல்லப்படுகிற அரபுக்காரனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. சுட்டவனின் மனம் பக்கம் பக்கமாக வருகிறது. செத்தவனின் வீட்டில் யார் அழுதார்கள் என்று தெரியவில்லை. எண்ணிக்கையாக மட்டும் சொல்லப்பட்ட சாவுகளைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு அது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். கிரேக்கப் புராணக் கதையில் வரும் சிசிபஸும் அப்படித்தான். கல்லை மலையுச்சிக்கு உருட்டுகிறான், அது திரும்ப உருண்டு விழுகிறது, அவன் திரும்ப உருட்டுகிறான். அவனைச் சந்தோஷமானவனாகத்தான் நினைக்க வேண்டும் என்று காம்யு முடிக்கிறார். எனக்குப் பிடித்த கட்டுரைதான். ஆனால் அந்த மலையில் அவன் தனியாள். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன சனத்தில் அப்படித் தனியாளாக நடந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிழவியைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவர்களின் கதையை சிசிபஸை வைத்து முழுதாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் "ஒருத்தரும் அர்த்தம் தேடேல்லை" என்றாரே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி அப்பாவிடம் கேளுங்கள். தொண்ணூறுகளில் குடாநாட்டில் கரண்ட் இல்லை, அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. போத்தலுக்கு அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சின்னத் திரி ஒன்றைக் கொளுத்துவார்கள். ஒரு கொப்பிப் பக்கம் தெரியுமளவுக்குத்தான் வெளிச்சம். அதில் குனிந்திருந்து பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். பரீட்சை நடக்குமா, நடந்தாலும் எழுத உயிரோடு இருப்போமா என்று தெரியாது. உயிர் தப்பினால் போதும் என்றிருந்தால் அந்த எண்ணெயை அடுப்புக்கு வைத்திருக்கலாம். தாய்மார் அதில் கொஞ்சம் எடுத்துப் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்களே, அதுவும் அப்படித்தான். உங்கள் அப்பாவும் அதைச் செய்திருப்பார். செய்துகொண்டிருந்தபோது அதற்குப் பெயர் வைக்க நேரம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் எழுத்திலும் இது இருக்கிறது. சிறு நண்டு மணலில் கீறும் படத்தைக் கடல் வந்து கொண்டுபோவதைப் பாடிய அளவெட்டி மஹாகவியை நீங்கள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். 'புதியதொரு வீடு' பா நாடகத்தில் வரும் பாட்டு அது. இன்னொருவர் புங்குடுதீவு மு. தளையசிங்கம். இருப்பு, விடுதலை என்று ஓயாமல் சிந்தித்தவர். ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை வேண்டும் என்ற போராட்டத்திலும் போய் நின்றார். 1973இல், நாற்பது வயதை எட்டாமலே காலமானார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சிந்தனையிலிருந்து கிணற்றடி வரைக்கும் நடந்து போன ஆள் என்பதால் அவரை வாசியுங்கள்.

காம்யுவில் அடுத்து 'கொள்ளை நோய்' நாவலை எடுங்கள். 1947இல் வந்தது. ஓரான் என்ற நகரத்தில் பிளேக் பரவ, வாசல்களைப் பூட்டிவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்ட ராம்பேர் என்ற பத்திரிகைக்காரன், பாரிசில் இருக்கும் காதலியிடம் போய்ச் சேர ஆள் பிடித்துத் திட்டம் போடுகிறான். டொக்டர் ரியூ அவனை மறிக்கவில்லை, சந்தோஷத்தைத் தேடிப் போவது குற்றமில்லை என்கிறார். வழி திறக்கிற நேரத்தில் ராம்பேர் தானாகவே நின்றுவிடுகிறான். நீங்களும் நிற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. போக நினைப்பவனையும் நிற்பவனையும் அந்த நாவல் ஒரே மரியாதையோடு பார்க்கிறது. எங்கள் ஊரில் வெளிநாடு போனவர்களைப் பற்றிப் பேசும்போது அந்த மரியாதை பல நேரம் காணாமல் போகிறது.

போவதா, நிற்பதா? சார்த்தர் அந்த உரையில் இதே மாதிரி ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். தமையன் போரில் செத்துவிட்டான், தாய்க்கு இவன் ஒருவன்தான் ஆறுதல். இவனுக்கோ இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேர ஆசை. ஆலோசனை கேட்டு வந்தவனிடம் சார்த்தர், "உனக்குச் சுதந்திரம் இருக்கிறது, நீயே தெரிவு செய்" என்று அனுப்பிவிடுகிறார். சின்ன வயதில் இதை வாசித்தபோது கல்நெஞ்சன் என்றுதான் நினைத்தேன். இப்போது அதில் நேர்மை தெரிகிறது. யாரிடம் ஆலோசனை கேட்பது என்று தீர்மானிக்கும்போதே பாதி முடிவை எடுத்துவிடுகிறோம் என்றும் சொல்கிறார். நீங்கள் அண்ணாவிடம் கேட்கவில்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிற எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் என்று யோசித்தீர்களா?

இன்னொன்றும் கவனித்தேன். சார்த்தரின் கதையில் அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று எங்கேயும் வரவில்லை. உங்கள் கடிதத்திலும் அப்பா பேசுகிறார், அண்ணா பேசுகிறார், அம்மாவின் நோய் மட்டும்தான் வருகிறது. ஒருநாள் கிளினிக்குக்கு நீங்களே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண் எந்த நிலையில் இருக்கிறது, என்ன சிகிச்சை வேண்டும் என்று டொக்டரிடம் நேரில் கேளுங்கள். வரும்போது, "நான் போனால் உங்களுக்கு என்ன கஷ்டம், நின்றால் என்ன கஷ்டம்?" என்று அம்மாவிடமே கேளுங்கள். "நீ போ ராசா" என்று உடனே சொல்லுவா. அதோடு விட்டுவிடாமல், இரண்டாம் தரமும் கேளுங்கள்.