முதல் பிஸ்டல்: 9 எம்எம் வாங்கலாமா, .40 வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டெக்சஸில் குடும்பத்தோடு இருக்கிறீர்கள், வீட்டுப் பாதுகாப்புக்காக முதல் தடவையாக ஒரு பிஸ்டல் வாங்கப் போகிறீர்கள். க்ளாக் 19-ஐயும் க்ளாக் 23-ஐயும் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரே அளவு, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தோட்டா அளவில் முதலாவது 9 எம்எம், இரண்டாவது .40 எஸ் அண்ட் டபிள்யூ, சுருக்கமாக .40. "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், பெரிய தோட்டாவாகவே வாங்கிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

9 எம்எம் வாங்குங்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் 2013-ல் இதே பேச்சைக் கேட்டு .40 வாங்கி, மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் நான் மாறினேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். வாங்கிய முதல் ஆறு மாதம், மாதம் ஒருமுறை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போவேன். ஏழு கஜம், அதாவது 21 அடி தூரத்தில் அட்டை. குறி வைப்பது நடுவில், ஓட்டை விழுவதோ எப்போதும் கீழே இடது பக்கம். பிஸ்டலின் குறிமுள் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் அங்கே வகுப்பு எடுக்கும் பெரியவர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், என் மேகசினை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று தானே தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தார். சுடச் சொன்னார். இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது தடவை விசையை இழுத்தேன், 'டக்' என்று வெறும் சத்தம், வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை நாலு விரல்கடை கீழே குனிந்து நின்றது. அவர் நடுநடுவே ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் டம்மிகளைச் சேர்த்திருந்தார். வெடிக்காத துப்பாக்கி எதற்குக் குனிய வேண்டும்? உதைக்கப் போகிறது என்று என் கை முன்கூட்டியே பயந்து அதை அமுக்குகிறது. எத்தனையோ மாதமாக நான் பயிற்சி செய்தது குறி பார்ப்பதை அல்ல, பயப்படுவதை.

அன்றைக்கே என் மனைவி ரேஞ்சில் ஒரு 9 எம்எம்-ஐ வாடகைக்கு எடுத்துச் சுட்டார். அவருக்கு அது இரண்டாவது வகுப்புதான். பத்தில் எட்டு ஓட்டை உள்ளங்கை அளவுக்குள் விழுந்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த உதை என்பது மனப்பிரமை இல்லை, கணக்கு இருக்கிறது. 9 எம்எம்-ல் வழக்கமான ஒரு குண்டு 124 கிரெய்ன், நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 8 கிராம், சரியாக ஒரு பவுன். .40-ல் வழக்கமானது 180 கிரெய்ன், ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. முதலாவது விநாடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் போகும், இரண்டாவது சுமார் 1,000 அடி. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், .40-ல் கால் பங்குக்கு மேல் கூடுதலாக வரும். அதைத் தாங்குவது ஏறக்குறைய ஒரே எடையுள்ள துப்பாக்கி, அதே மணிக்கட்டு. ஒரே ஒரு குண்டு என்றால் யாரும் தாங்கிவிடலாம். அடுத்த குண்டுக்கு முனை திரும்பக் குறிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் விஷயம், அங்கே .40 பின்தங்குகிறது.

சரி, அப்படியானால் .40 எதற்காக வந்தது என்று கேட்பீர்கள். இந்தக் கதை தெரிந்தால் கடைக்காரர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரியும். 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ.யின் எட்டு ஏஜென்ட்கள் மடக்கினார்கள். சில நிமிடச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம் பட்டார்கள். சண்டையின் ஆரம்பத்திலேயே ஒரு ஏஜென்ட்டின் 9 எம்எம் குண்டு கொள்ளையர் ஒருவரின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்த ஆள் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். பழி முழுக்க 9 எம்எம் மேல் விழுந்தது. எஃப்.பி.ஐ. 10 எம்எம்-க்குப் போனது, அது பலருக்குக் கட்டுக்கடங்கவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் அதைக் குட்டையாக்கி 1990-ல் கொண்டுவந்ததுதான் இந்த .40. அமெரிக்கா முழுக்கப் போலீஸ் துறைகள் இதற்கு மாறின, எஃப்.பி.ஐ.யும் 1997-ல் .40 க்ளாக்கை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் துப்பாக்கி விற்கவும் சுடவும் கற்றுக்கொண்டவர்களுக்கு .40 மேல் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யும், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். மியாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை உருவாக்கியது. மனிதத் தசையின் தன்மையை ஒத்த ஜெலட்டின் கட்டிக்குள், கனமான துணி, சுவர் பலகை, கார் கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டியும் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும், நன்றாக விரியவும் வேண்டும். தயாரிப்பாளர்கள் இந்தத் தேர்வில் தேறுவதற்காகவே வருடக்கணக்கில், முனையில் குழி வைத்து, பட்டதும் விரியும்படி செய்த ஹாலோ பாயிண்ட் குண்டுகளைத் திருத்தித் திருத்திச் செய்தார்கள். அதில் அதிகம் முன்னேறியது 9 எம்எம். 2014-ல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு எழுதிய விளக்கத்தில், நல்ல குண்டுகளை எடுத்துக்கொண்டால் 9 எம்எம், .40, .45 மூன்றும் உடலில் உண்டாக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 9 எம்எம்-ல் பெரும்பாலான ஏஜென்ட்கள் இன்னும் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள். அதே விளக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது, எனக்கு அதுதான் மனதில் தைத்தது: உண்மையான மோதல்களில் போலீஸார் சுடுவதில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகிறது. பயிற்சி எடுத்தவர்களுக்கே இப்படி என்றால், தூக்கத்தில் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கப் போகிற நம்மை நினைத்துப் பாருங்கள். 2016-ல் எஃப்.பி.ஐ. திரும்பவும் 9 எம்எம் க்ளாக்குக்கு வந்துவிட்டது. ராணுவமும் 2017-ல் புதிய பிஸ்டல் தேர்ந்தெடுத்தபோது 9 எம்எம்-லேயே நின்றது.

குண்டின் குறுக்களவில் வித்தியாசம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? .355 அங்குலத்துக்கும் .400 அங்குலத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக மேகசினில் இரண்டு தோட்டா குறைகிறது (19-ல் 15, 23-ல் 13), கை அதிகம் உதை வாங்குகிறது, காசும் அதிகம் போகிறது. நான் வாங்கும் இடத்தில் பயிற்சிக்கான 50 தோட்டாப் பெட்டி 9 எம்எம்-ல் 14 டாலரை ஒட்டி, .40-ல் 20 டாலரை ஒட்டி. மாதம் நூறு தோட்டா சுட்டால் வருடத்துக்கு 140 டாலருக்கு மேல் வித்தியாசம். ஆரம்பத்தில் இது பெரிதாகத் தெரியாது. மூன்றாவது வருடம் ரேஞ்சுக்குக் கிளம்பும்போது "இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் போகலாம்" என்று தோன்றும் பாருங்கள், அப்போது தெரியும். நான் அப்படித் தள்ளிப்போட்டே ஒரு வருடத்தில் நாலு தடவை மட்டும் போனேன்.

.40 பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. போலீஸ் துறைகள் மாறியபோது கழித்துக் கட்டிய பழைய .40 பிஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கின்றன, வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுடப்பட்டிருக்காது. கையில் காசு குறைவு என்றால் அது நல்ல வழி. தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது, 2013-லும் சரி, 2020-லும் சரி, எங்கள் பக்கம் 9 எம்எம் அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது, .40 பெட்டிகள் கிடந்தன. நான் அன்றைக்கு .40 வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற இடங்களில் மேகசினுக்குப் பத்துதான் உச்சவரம்பு, அங்கே எண்ணிக்கை லாபம் போய்விடும். இருந்தாலும் உதையும் செலவும் எங்கே போனாலும் கூடவே வரும்.

இரண்டையும் வாங்கி வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். மாறிய புதிதில் என்னிடம் இரண்டும் இருந்தன. ஒரு மாலை துடைத்து எடுத்து வைக்கும்போது .40 பெட்டியின் ஓரத்தில் ஒரு தோட்டா மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது, எடுத்துப் பார்த்தால் 9 எம்எம். .40 தோட்டா 9 எம்எம் பேரலுக்குள் போகாது, ஆனால் 9 எம்எம் தோட்டா .40 பேரலுக்குள் தாராளமாக விழும், சில சமயம் வெடிக்கவும் வெடிக்கும், பித்தளைக் கூடு உள்ளேயே கிழியும். எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்த வாரமே .40-ஐ விற்றேன்.

வீட்டுக்கு என்பதால் இன்னும் ஒன்று. இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. இரண்டு தோட்டாவுமே ஒன்றுக்கு மேற்பட்ட சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும், ஹாலோ பாயிண்டும் போகும். பிள்ளைகள் எந்தப் பக்கம் படுக்கிறார்கள், நீங்கள் எந்த மூலையில் நின்றால் உங்கள் குறிக்குப் பின்னால் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். விரல் வைத்தால் திறக்கிற சின்னப் பெட்டகம் ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கிக் கட்டிலோடு திருகி மாட்டுங்கள். அலமாரி உச்சியில் துணிக்கு அடியில் வைப்பதெல்லாம் குழந்தைக்குத் தெரியாத இடம் இல்லை.

அப்புறம், இதை நம் ஆட்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் பிரச்சினை இல்லை, கடையில் படிவம் 4473 நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்தால் வாங்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருந்தால் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்குவதோ வைத்திருப்பதோ கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம், வேட்டை உரிமம் மாதிரியான சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் வரும். துணைவர் எச்-4-ல் இருந்தால் முதலில் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

அந்தத் தடை எதுவும் இல்லையென்றால், கடைக்காரரிடம் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரநாள் காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ரேஞ்சுக்குப் போய் இரண்டையும் வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது சுடுங்கள், காதுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு பாதுகாப்பும் போட்டுக்கொண்டு. முதல் நாற்பதுக்கு ஒரு அட்டை, கடைசிப் பத்துக்கு வேறு அட்டை மாட்டச் சொல்லுங்கள். கை சோர்ந்த பிறகு விழுந்த அந்தப் பத்து ஓட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.