தொலைநோக்கியைத் திரும்பக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது. வியாழனின் துணைக்கோள்களைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவான். அதையே எழுதச் சொன்னால் மூன்று வரி, அதில் நாலு பிழை. நோட்டைத் தொலைப்பான், கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை எழுதுவான். ஆசிரியை ‘அறிவிருக்கு, அக்கறை இல்லை’ என்கிறார். சோம்பேறித்தனம் என்கிறார் என் கணவர். உளவியலாளர் சோதித்ததில் சொற்புரிதல் 140, செயல்வேகம் 82, மொத்த ஐக்யூ 112. ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவுக் கோளாறும் எழுதுவதில் கற்றல் குறைபாடும் இருக்கிறதாம். கெட்டிக்காரப் பிள்ளைக்கு எப்படி அது வரும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. எழுத்து சரியாகட்டும் என்று அவனுடைய தொலைநோக்கியைப் பூட்டி வைத்திருக்கிறோம். ஐன்ஸ்டைனும் இப்படித்தான் இருந்தாராமே?

பெயர் வேண்டாம், ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தொலைநோக்கியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் மருத்துவன் இல்லை, சில காலம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். என் வகுப்பில் ஒரு பையன் விடையை மனதிலேயே போட்டுச் சொல்லிவிடுவான், படிகளை மட்டும் எழுதவே மாட்டான். காப்பியடிக்கிறான் என்று நினைத்து ஒரே கணக்கை இருபது முறை எழுத வைத்தேன். அன்று எனக்குத் தெரிந்த சொல் ‘திமிர்’. இப்போது நினைத்தால் கூசுகிறது.

கெட்டிக்காரனுக்கு எப்படி வரும் என்ற கேள்விக்கு 1896லேயே பதில் இருக்கிறது. பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார். எழுத்துகள் எல்லாம் அவனுக்குத் தெரியும், ஆனால் அவை சேர்ந்து சொல்லாகிவிட்டால் பிடிபடாது. தன் பெயரையே எழுத்து முன்பின்னாகப் போட்டான். எண்கள் மட்டும் தங்குதடையில்லாமல் வந்தன. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் சூட்டிகை என்று அவன் ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிவு செய்திருக்கிறார். வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் டிஸ்லெக்சியா என்ற குறைபாட்டைப் பற்றிய மருத்துவ எழுத்து தொடங்குவதே ஏறக்குறைய இப்படியொரு பையனிடமிருந்துதான்.

ஐன்ஸ்டைனை விட்டுவிடுங்கள். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்றவர் அவர். அவருக்கு எந்தக் குறைபாடும் கண்டறியப்பட்டதில்லை. உங்கள் பையன் தலையில் அவரையும் ஏற்ற வேண்டாம், பாவம்.

இப்போது அந்த அறிக்கை. அதில் என்னைக் கேட்டால் உதவாத எண் 112தான். 140 என்றால் அவன் வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரில் முதல் நாலைந்து பேருக்குள் வருகிறான். 82 என்றால் நூறு பேரில் எண்பத்தெட்டுப் பேர் அவனைவிட வேகம். இரண்டையும் கலந்தடித்து ‘சராசரிக்குச் சற்று மேல்’ என்றால் அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டில் இல்லவே இல்லை. திறமை குறையை மறைக்கிறது, குறை திறமையை மறைக்கிறது. வெளியே தெரிவது சுமாரான ஒரு மாணவன். சின்ன வகுப்புகளில் நினைவாற்றலை வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். பக்கம் பக்கமாக எழுதும் வகுப்பு வந்ததும் வண்டி நின்றுவிடும். ‘போன வருஷம்வரை நன்றாகத்தானே படித்தான்’ என்று பெற்றோர் திகைப்பது அப்போதுதான்.

தொலைநோக்கி முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவனுக்கா கவனக்குறைவு என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி, பெயர் அப்படி வைத்திருக்கிறார்கள். பிடித்ததில் மூழ்கிப்போவது ஏடிஎச்டி பிள்ளைகளிடம் சாதாரணமாகப் பார்ப்பது. சலிப்பூட்டும் வேலையில் கவனத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதும், மூழ்கிய இடத்திலிருந்து அதை மீட்பதும்தான் அவர்களுக்குப் பாடு. திட்டினால் கவனத்தைத் திருப்பும் அந்த விசை கைக்கு வந்துவிடாது.

அதனால்தான் தொலைநோக்கியைப் பற்றி இத்தனை பேசுகிறேன். நாள் முழுக்க வராததையே செய்துகொண்டிருக்கும் குழந்தைக்கு, தான் முட்டாள் இல்லை என்று தெரிகிற இடம் அது ஒன்றுதான். குறை தீரட்டும், பிறகு திறமையைப் பார்ப்போம் என்றால் அவன் பெரியவனாகிவிடுவான். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

யோசிப்பதையும் எழுதுவதையும் பிரித்துவிடுங்கள். அறிவியல் விடையை அவன் வாயால் சொல்லட்டும், போனில் பதிவு செய்யுங்கள், அல்லது தட்டச்சு செய்யட்டும். எழுத்துப் பயிற்சி தனியாக, தினம் பத்து நிமிடம், அதற்குரிய சிறப்புப் பயிற்றுநரின் வழிகாட்டலில் நடக்கட்டும். பத்துக் கணக்குக்குப் பதில் கடினமான மூன்றைக் கொடுக்கும்படி ஆசிரியையிடம் கேளுங்கள். எளிதான ஏழில் அவன் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, கைதான் ஓயும். தேர்வில் கூடுதல் நேரமும், எழுத்துப் பிழைக்காகப் பாடத்தின் மதிப்பெண்ணைக் குறைக்காத ஏற்பாடும் கேளுங்கள். கேட்கும்போது அறிக்கை கையில் இருக்கட்டும். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். மருந்து கவனத்துக்கு உதவலாம், எழுதக் கற்றுத்தராது.

கணவரோடு வாதம் வேண்டாம். ஒருநாள் இரவு வியாழன் தெரியும்போது அவரை நோட்டும் பேனாவுமாக மகன் பக்கத்தில் உட்கார வையுங்கள். பையன் பார்த்துப் பார்த்துச் சொல்லட்டும், ஒரு சொல் விடாமல் இவர் எழுதட்டும். கை வலிக்கிறது, மெதுவாகச் சொல்லடா என்று அவர் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.