எந்த சார்ஜ், ஐயா?

கேள்வி: 'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சென்ற இதழில் மட்டும் நான்கு விதமாக எழுதியிருக்கிறீர்கள். மின்னேற்றம், கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு. இப்படிப் பக்கத்துக்கொன்றாக எழுதினால் தமிழ் எப்படி வளரும்? ஒரே சொல்லை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடக் கூடாதா? இத்தனை பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆங்கிலத்தின் வறுமையைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை போலிருக்கிறது. பல பொருளுக்கு ஒரே சொல் வைத்திருந்தால் ஆங்கிலத்துக்கு அது வறுமை. தமிழ் அதையே செய்தால் வளர்ச்சி. எந்தக் கட்சி என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்காத அலுவலகமா? புது தாசில்தார் காலையில் வந்து சார்ஜ் எடுப்பார். பழைய ஊரில் செய்த ஏதோ ஒன்றுக்காக மதியத் தபாலில் அவருக்கே ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின் கீழ் சார்ஜ் மெமோ வரும். சாயங்காலம் செல்போனைச் சார்ஜிலிருந்து உருவிக்கொண்டு கிளம்புவார். ஆட்டோக்காரரிடம் "இவ்வளவு சார்ஜா?" என்று மல்லுக்கு நிற்பார். இந்த நான்கு இடத்தில் ஓரிடத்திலாவது அவர் குழம்பியிருப்பாரா? நீங்கள் சொல்கிறபடி ஒரே சொல்லைப் போட்டால், 'தாசில்தார் காலையில் கட்டணம் எடுத்தார், மதியம் கட்டணம் வாங்கினார்' என்று அச்சாகும். அரசு அலுவலகச் செய்தி என்பதால் வாசகர்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலம் திண்டாடுகிறது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தச் சொல்லின் பூர்வீகம் ஒரு வண்டி. லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் பாரவண்டி. வண்டியில் சுமை ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ எல்லாம் அதே குடும்பம். மூக்கையும் காதையும் கூடுதலாக 'ஏற்றி' வரைகிற கேரிகேச்சரும் அவர்களுக்குப் பங்காளிதான். வண்டியில் ஏற்றிய சுமை அப்புறம் எங்கெங்கோ ஏறியது. துப்பாக்கியில் மருந்து கிட்டித்தால் சார்ஜ். ஒருவர் தலையில் வேலையைக் கட்டினால் சார்ஜ், பழியைப் போட்டாலும் சார்ஜ். நம் பையின் மேல் செலவைப் போட்டால் கட்டணம், சொத்தின் மேல் கடனைப் போட்டால் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆவது பிரிவு சொல்லும் சார்ஜ். ஈட்டியைப் பாயும் நிலையில் பிடித்துக் குதிரையைத் தட்டிவிட்டதும் சார்ஜ். அந்தக் குதிரைதான் நம் ஊரில் லத்தி சார்ஜாக வந்து இறங்கியது. 'லேசான தடியடி' என்று நாங்கள் செய்தி போடுகிறோம். எவ்வளவு லேசு என்பதை வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும்.

தமிழ் வேறு வழியில் போனதா என்றால், அதுவும் இல்லை. 'பொறு' என்றால் தாங்கு. அதிலிருந்து வந்ததுதான் பொறுப்பு. பழியை நாமும் 'சுமத்த'த்தான் செய்கிறோம். மூட்டையை வண்டியில் ஏற்றுகிறோம், மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றுகிறோம். இலங்கைப் பாடநூல்களில் வெறுமனே 'ஏற்றம்' என்றும் எழுதுவார்கள். (பொறுப்பேற்பில் உள்ள 'ஏற்பு' வேறு, அது 'ஏல்' என்ற வேரிலிருந்து வந்தது. இதைச் சொல்லாவிட்டால் புலவர்களிடமிருந்து தனியாக இருபது கடிதம் வரும்.)

சரி, மின்சாரத்துக்கு மட்டுமாவது ஒரே சொல் போதுமா? அங்கேயும் போதாது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவைகளான லேடன் ஜாடிகளோடு சோதனை செய்தபோது பீரங்கிப் பாஷையில்தான் பேசினார்கள்: ஜாடியில் மின்சாரம் நிரப்புவது சார்ஜ், ஜாடிகளை வரிசையாக அடுக்கினால் பேட்டரி, அதாவது பீரங்கி வரிசை. இன்று உங்கள் செல்போன் பேட்டரியில் 5,000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் 18,000 கூலும். (கூலும் என்பது மின்னூட்டத்தை, அதாவது இயற்பியல் சொல்லும் சார்ஜை, அளக்கும் அலகு.) நூறு சதவீதம் ஏறியதும் இவ்வளவு மின்னூட்டமும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஒரு கூலும்கூட வந்து சேர்வதில்லை. உள்ளே ஒரு முனையிலிருந்த எலெக்ட்ரான்களை சார்ஜர் வெளிச்சுற்று வழியாக மறுமுனைக்குத் தள்ளுகிறது. லித்தியம் அயனிகள் உள்வழியாக அதே பக்கம் நகர்கின்றன. இப்படி ஏறிச் சேர்வது ஆற்றல். மொத்த மின்னூட்டம், செத்த போனிலும் சுழியம், நிறைந்த போனிலும் சுழியம். அதனால்தான் இயற்பியல் பக்கத்தில் 'மின்னூட்டம்' என்றும், போனைப் பற்றி எழுதும்போது 'மின்னேற்றம்' என்றும் பிரித்துப் போடுகிறோம். நீங்கள் குழப்பம் என்று எண்ணியது இப்படிப்பட்ட பிரிவினையைத்தான்.

நீதிமன்றத்தில் இந்தப் பிரிவினை தவறினால் ஒருவருடைய மானமே போகும். போலீஸார் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. கைதானவர் காவலில் இருந்தால் 60 நாளுக்குள், ஆயுள் தண்டனை போன்ற பெரிய குற்றமென்றால் 90 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயர் மாறியும் இது மாறவில்லை. நீதிபதி அதைப் படித்து, விசாரிக்க முகாந்திரம் உண்டு என்று கண்டால் பதிவு செய்வதுதான் சார்ஜ், குற்றச்சாட்டு. முகாந்திரம் இல்லையென்றால் டிஸ்சார்ஜ், விடுவிப்பு. முழு விசாரணை நடந்து குற்றம் நிரூபணமாகாமல் போனால்தான் விடுதலை. விடுவிப்பையும் விடுதலையையும் ஒன்றாக எழுதிய செய்திகளை வெட்டி வைத்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பீரோ நிறையும். அதில் எங்கள் இதழின் செய்திகளும் உண்டு.

போன மாதம் ஒருவர் கணினி மொழிபெயர்ப்பில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். அதில் மூன்று நாள் சிகிச்சைக்குப் பிறகு நோயாளி 'வெளியேற்றப்பட்டார்'. பில் கட்டாதவர் போல என்று நினைத்துப் படித்தேன். டிஸ்சார்ஜ்! 'குணமடைந்து வீடு திரும்பினார்' என்று மாற்றினேன். அடுத்த பத்தியில், 'போலீஸார் கூட்டத்திடம் கட்டணம் வசூலித்தனர்'. அகராதியின் முதல் பொருளையே பிடித்துக்கொண்டு தொங்கினால் இதுதான் கதி.

இன்னொன்று. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, 'படி என்பதற்கு ஒரே ஆங்கிலச் சொல் வேண்டும்' என்றால் என்ன தருவீர்கள்? மாடிப்படியா, ஒரு படி அரிசியா, பயணப்படியா, கையெழுத்துப் படியா, பரீட்சைக்குப் படியா? ஓய்வூதியத்தில் அகவிலைப்படி வரும்போது 'இதைப் படிக்கட்டில் வைப்பதா, அரிசி அளப்பதா' என்று நீங்கள் ஒருநாளும் திகைத்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே அடுத்த இதழிலும் நான்கு சொல் வரும். விஷயம் இருந்தால் ஐந்தாவதும் வரும். உங்களுக்காக ஒரு காரியம் செய்து பார்த்தேன். தெருமுனை மொபைல் கடையில் போய், "தம்பி, ஒரு மின்னேற்றி கொடு" என்றேன். ஒரு நொடி முழித்தான். அப்புறம், "டைப்-சியா, பழைய பின்னா சார்?" என்று கேட்டான்.