நீரிழிவுக்கான பரிசோதனை ஸ்ரிப்கள் மாத முடிவுக்கு முன்பே தீர்ந்தால் என்ன செய்யலாம்?

காலையும் இரவும் இன்சுலின் போடும் உங்கள் தாயாருக்கு 50 ஸ்ரிப்கள் கொண்ட பெட்டி ஒரு மாதத்துக்குப் போதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு இரண்டு தடவை இரத்தச் சீனியைப் பார்த்தாலே அது 25 நாட்களில் தீர்ந்துவிடும். ஆகவே குறை அவரிடம் இல்லை. எந்த வேளைகளில் பார்ப்பது அவசியம் என்பதை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கிலோ உங்கள் வைத்தியரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் சீனி மிகவும் குறைவதைக் காட்டும் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றும்போது ஸ்ரிப்பை மிச்சம் பிடிக்கவே கூடாது; அந்தத் தேவைக்கெனச் சிலவற்றை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர் ஸ்ரிப் அனுப்புவது நம்மிடையே வழக்கம். பெரிய உதவிதான்; எனினும் சீனி அளக்கும் ஒரு கருவிக்கு உரிய ஸ்ரிப் வேறொன்றுக்குப் பொருந்தாது. கருவியையும் சேர்த்து அனுப்பினால், அது நாம் பழகிய மில்லிகிராமில் அல்லாமல் மில்லிமோல் என்ற வேறோர் அலகில் காட்டக்கூடும்: அங்கு 7 என்பது இங்கு 126 மில்லிகிராம், அதாவது 18ஆல் பெருக்க வேண்டும். இதை அறியாமல் 7 என்பதைக் கண்டு, சீனி மிகக் குறைந்துவிட்டதென அஞ்சி இனிப்பூட்டுவது ஆபத்தானது.

புதிதாகக் கருவி வாங்குவதாயின், அதன் விலையைவிட ஸ்ரிப்பின் விலையையும் அது உள்ளூர் மருந்தகங்களில் தொடர்ந்து கிடைக்கிறதா என்பதையுமே முதலில் விசாரியுங்கள். ஸ்ரிப்களை அவற்றின் சொந்தக் குப்பியிலேயே இறுக மூடி, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.